திரும்பியதா, திருப்பினார்களா? ‘நோர்மலைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகுவோருக்கு

மட்டக்களப்பில் மாரி பிடித்துவிட்டால் நாளுக்கு இரண்டு தடவையாவது ஒரு தொடரைக் கேட்போம்: ‘வழமைக்குத் திரும்பியுள்ளது.’ மின்சாரம் வழமைக்குத் திரும்பியுள்ளது. கல்முனை வீதியில் போக்குவரத்து வழமைக்குத் திரும்பியுள்ளது. குடிநீர், பாடசாலை, ரயில் என்று எதுவானாலும் போய்ச் சேருமிடம் அதே வழமைதான். தமிழில் இந்த ஒரு தொடர் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘வழமை’ என்றதும் ‘நோர்மல்’ நினைவுக்கு வரும். அதை வினைச்சொல்லாக்க ‘நோர்மலைஸ்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்த இடத்தில் பல தடவை அது பிழையான சொல்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்து வெள்ள அறிக்கை எழுதுகிறவர்கள், வங்கியில் வாடிக்கையாளருக்கு அறிவித்தல் தயாரிக்கிறவர்கள், செய்தி மொழிபெயர்க்கப் பழகுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இலக்கணப் புத்தகம் போல எல்லாவற்றையும் சமமாகச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்களில்தான் அதிக நேரம் நிற்பேன்.

நானும் விழுந்தவன்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்துபோன சில மாதங்களில் ஒரு உதவி நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். கரையோரத்து மீனவர்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சந்தோசத்தில் வாராந்த அறிக்கையில் எழுதினேன்: ‘த ஃபிஷர்மென் ஹாவ் பீன் நோர்மலைஸ்ட்.’ கொழும்பிலிருந்து இணைப்பாளர் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, அந்த மனிசர்களை என்ன செய்தீர்கள்?” எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்: ‘மீனவர்கள் சாதாரண மனிதர்களாக்கப்பட்டுள்ளார்கள்.’ அப்படியானால் அதுவரை அவர்கள் யார்? எழுதியிருக்க வேண்டியது ‘ஃபிஷர்மென் ஹாவ் ரிசியூம்ட் ஃபிஷிங்.’ நிறுத்திய வேலையை மறுபடி தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

‘நோர்மா’ என்பது லத்தீன் சொல். தச்சரும் மேசனும் கையில் வைத்திருக்கும் மூலைமட்டம் என்று பொருள். சுவரும் சுவரும் சேருமிடத்தில் வைத்து, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. அதிலிருந்து வந்ததுதான் ‘நோர்மல்’: மட்டத்துக்குச் சரியானது.

உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. பௌதிகவியலில் ‘செவ்வன் மறுதாக்கம்’ படித்திருப்பீர்கள். அந்தச் ‘செவ்வன்’ ஆங்கிலத்தில் ‘நோர்மல்’தான், பரப்புக்குச் செங்குத்தாக, மூலைமட்டம் வைத்தது போல நிற்பது. அழகு என்னவென்றால் எங்கள் சொல்லும் அதே வழியில் போயிருக்கிறது. செம்மை என்றால் நேர்மை, ஒழுங்கு. ‘வேலையைச் செவ்வனே செய்தான்’ என்கிறோம். கலைச்சொல் ஆக்கத்தில் உழைத்த சுவாமி விபுலாநந்தர் பிறந்தது எங்கள் காரைதீவில் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

சொல்லின் வால் ‘ஐஸ்’. தமிழில் ‘ஆக்கு’ செய்கிற வேலையை அது செய்கிறது. ஆக, ‘நோர்மலைஸ்’ என்றால் ஒன்றை மட்டத்துக்குக் கொண்டுவருதல். மூலைமட்டத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் மூன்று நான்கு இடங்களில் அது கைகொடுக்கும்.

முதல் படி: திரும்பு, திருப்பு

தமிழ் தெரிந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. திரும்பு – திருப்பு, மாறு – மாற்று, ஆகு – ஆக்கு, மீள் – மீட்டு. தானாக நடந்தால் ஒரு சொல், யாரோ செய்தால் வேறு சொல். சின்னப் பிள்ளைக்கும் இது பிழைக்காது. ஆங்கில வினையைக் கையில் எடுக்கும் முன் உங்களையே கேளுங்கள்: இது திரும்பு வகையா, திருப்பு வகையா?

‘ரெஸ்டோர்’ திருப்பு வகை மட்டும்தான். யாரோ ஒருவர் எதையோ திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் ‘பவர் ஹாஸ் ரெஸ்டோர்ட்’ என்று எழுதினால் மின்சாரம் வேறு எதையோ திருப்பிக் கொடுத்தது என்றாகி, வாக்கியம் பாதியில் தொங்கும். ‘பவர் ஹாஸ் பீன் ரெஸ்டோர்ட்’ என்று எழுத வேண்டும். அந்த ‘பீன்’ விடுபடுவதுதான் நான் திருத்தும் தாள்களில் அதிகம் காணும் பிழை. காரணமும் எளிது: நாங்கள் மனதில் ‘மின்சாரம் திரும்பியது’ என்று நினைக்கிறோம், ஆங்கிலமோ ‘மின்சாரம் திருப்பப்பட்டது’ என்று கேட்கிறது. கம்பத்தில் ஏறிக் கம்பியைப் பூட்டியவரை எங்கள் வாக்கியம் மறந்துவிடுகிறது. ஆங்கில வாக்கியம் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவருக்கு ஓர் இடம் விட்டுவைக்கிறது.

‘ரிசியூம்’ இரண்டு பக்கமும் போகும். வகுப்புகள் தொடங்கின, வகுப்புகளைத் தொடங்கினார்கள், இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘கிளாசஸ் ரிசியூம்ட்’ சரி. ‘வீ ரிசியூம்ட் கிளாசஸ்’ என்பதும் சரி. ‘ரிக்கவர்’ அப்படியே மீள் – மீட்டு இரண்டையும் தாங்கும்: நோயாளி மீண்டார், களவுபோன மோட்டார் சைக்கிளைப் பொலிஸ் மீட்டது.

‘நோர்மலைஸ்’ எங்கே நிற்கிறது? இதுவும் இரண்டு பக்கமும் போகும். ‘த சிட்டுவேஷன் ஹாஸ் நோர்மலைஸ்ட்’: நிலைமை வழமையாகியது. ‘த டூ கன்ட்ரீஸ் நோர்மலைஸ்ட் ரிலேஷன்ஸ்’: இரு நாடுகளும் உறவை வழமையாக்கின. இலக்கணத்தில் சிக்கல் இல்லை. எதற்கு இதைப் போடலாம் என்பதில்தான் சிக்கல்.

இரண்டாம் படி: திரும்பியது எது?

பொருளைப் பார்த்துத்தான் வினை.

மின்சாரம், குடிநீர், தொலைபேசி, ரயில் போன்ற சேவை என்றால் ‘ரெஸ்டோர்’. நேரம் போட்டு நடப்பது என்றால், அதாவது வகுப்பு, வழக்கு விசாரணை, படகுச் சேவை, மீன்பிடி என்றால் ‘ரிசியூம்’. உதயதேவி ரயில் மறுபடி ஓடத் தொடங்கினால் இரண்டையும் எழுதலாம்: பாதையைத் திருத்தியவர் பார்வையில் சேவை ‘ரெஸ்டோர்ட்’, பயணி பார்வையில் ‘ரிசியூம்ட்’.

மனிதர் என்றால் ‘ரிக்கவர்’. நான் மீனவர்களுக்குச் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். அவரின் இரத்த அழுத்தத்தை ‘நோர்மலைஸ்’ பண்ணலாம், சீனியையும் பண்ணலாம், ஏனென்றால் அவற்றுக்கு ஒரு மட்டம் இருக்கிறது, வைத்தியர் அளந்து பார்ப்பார். ஆளுக்கு அப்படி ஒரு மட்டம் கிடையாது. இடையில் ஒன்று: ஆங்கிலத்தில் ‘நோர்மல் டெலிவரி’ என்பதை நாங்கள் சுகப்பிரசவம் என்கிறோம். அவர்கள் மட்டம் பார்க்கும் இடத்தில் நாங்கள் சுகம் பார்த்திருக்கிறோம். எல்லா ‘நோர்மல்’லுக்கும் ‘வழமை’ போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வெள்ளம் பற்றி எழுதுவோருக்குத் தனியாக ஒன்று. 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவிருக்கும். மட்டக்களப்பும் அம்பாறையும் சேர்ந்தே மூழ்கின. அப்படியான நாட்களில் முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள், மட்டம் இறங்கும். அந்த இறக்கத்தை எழுத ‘ரிசீட்’ என்ற சொல் இருக்கிறது: ‘த ஃபிளட்வாட்டர் இஸ் ரிசீடிங்.’ வெள்ளநீர் வடிந்துவருகிறது. ‘வாட்டர் இஸ் நோர்மலைஸ்ட்’ என்று எழுதினால் தண்ணீருக்கு ஏதோ மருந்து போட்டது போல இருக்கும். வாவியின் நீர்மட்டம் வழக்கமான அளவுக்கு வந்துவிட்டது என்று அளந்து சொல்வதானால் மட்டும் ‘த வாட்டர் லெவல் ஹாஸ் ரிட்டேர்ன்ட் டு நோர்மல்’ என்று எழுதுங்கள். ‘லெவல்’ என்ற சொல் வந்ததும் மூலைமட்டம் வைக்க இடம் கிடைத்துவிடுகிறது பாருங்கள்.

கடிதம் எழுதுவோர் விழும் குழி ஒன்று இருக்கிறது: ‘ரெகியூலரைஸ்’. அத்துமீறிக் குடியிருக்கும் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் தந்து முறைப்படுத்துவது, அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, இவையெல்லாம் ‘ரெகியூலரைஸ்’. என்னிடம் வந்த ஒரு விண்ணப்பத்தில் பிள்ளை எழுதியிருந்தது: ‘கைன்ட்லி நோர்மலைஸ் மை அப்பொயின்ட்மென்ட்.’ அவள் கேட்டது நிரந்தர நியமனம். ‘மேக் மை அப்பொயின்ட்மென்ட் பேர்மனன்ட்’ என்று எளிதாகக் கேட்டால் போதும்.

மூன்றாம் படி: முன்பு இருந்ததா?

‘ரெஸ்டோர்’ எப்போதும் பின்னால் திரும்பிப் பார்க்கும் சொல். முன்பு இருந்து, இடையில் போய், இப்போது வர வேண்டும். ‘நோர்மலைஸ்’ மூலைமட்டத்தைப் பார்க்கும் சொல். முன்பு இருந்ததோ இல்லையோ, மட்டத்துக்கு வந்தால் சரி.

வெளிநாட்டுச் செய்திகளில் இது பளிச்சென்று தெரியும். சவூதி அரேபியாவும் ஈரானும் 2016இல் உறவை முறித்தன. 2023 மார்ச்சில் மறுபடி ஏற்படுத்த இணங்கின. இருந்தது, போனது, வந்தது. செய்திகளில் ‘ரெஸ்டோர்’ என்றே வந்தது. 2020இல் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலோடு செய்துகொண்டதற்கோ ‘நோர்மலைஸ்’. அதற்கு முன் அவற்றுக்கிடையே முறையான இராஜதந்திர உறவே இருக்கவில்லை, திரும்பிப் போக ஒரு பழைய நிலையும் இல்லை. மற்ற நாடுகள் தமக்குள் வைத்திருக்கும் உறவு என்ற மட்டத்துக்கு வந்தன, அவ்வளவுதான். அமெரிக்கா 1979 ஜனவரி 1 அன்று மக்கள் சீனத்தோடும், 1995இல் வியட்நாமோடும் செய்ததையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ தேநீர்க் கடையில் பத்திரிகை பார்க்கிற பெரியவர்களுக்கு இந்தச் சொல்லோடு நல்ல பழக்கம் இருக்கும். மத்திய கிழக்குச் செய்தியில் அது வந்தால் மேசையில் வாக்குவாதமும் கூடவே வரும். ‘யாருடைய மட்டம்?’ என்ற கேள்விதான் அந்த வாக்குவாதத்தின் அடியில் கிடக்கிறது.

ஊருக்கு வருவோம். படுவான்கரையில் கம்பமே நடாத ஒரு குடியிருப்புக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தால் ‘ரெஸ்டோர்ட்’ என்று எழுதாதீர்கள். ‘கனெக்டட்’ என்று எழுதுங்கள். கல்லடியில் 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள்; பக்கத்தில் பழைய லேடி மன்னிங் பாலமும் நிற்கிறது. பழைய பாலத்தை அதன் பழைய வடிவத்துக்கே திருத்தி எடுத்தால் அது ‘ரெஸ்டோர்’. புதுப் பாலம் யாரும் ‘ரெஸ்டோர்’ செய்தது அல்ல. பாலத்தில் நெரிசல் குறைந்து வாகனங்கள் வழக்கம்போல ஓடினால் ‘டிராஃபிக் இஸ் பாக் டு நோர்மல்.’ பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இந்த ‘பாக் டு நோர்மல்’தான் ஆங்கிலம் பேசுவோர் வாயில் முதலில் வருவது. ‘நோர்மலைஸ்’ கொஞ்சம் அலுவலக உடுப்புப் போட்ட சொல். எதைப் போடுவதென்று தடுமாறினால் ‘பாக் டு நோர்மல்’ அல்லது ‘ரிட்டேர்ன்ட் டு நோர்மல்’ என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலும் தப்பிவிடலாம்.

நான்காம் படி: படிக்கிற துறையில் என்ன பொருள்?

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் இதே சொல்லைப் பாடத்திலும் சந்திப்பார்கள். பொருள் மாறியது போலத் தோன்றும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் மாறவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த உதாரணம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி. ஒரு கற்பனைக் கணக்கு: இரசாயனவியலில் எல்லோருடைய சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) 15, உங்கள் பிள்ளை எடுத்தது 70. எழுபதிலிருந்து நாற்பதைக் கழித்துப் பதினைந்தால் பிரித்தால் 2. வேறொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10, பிள்ளை எடுத்தது 75. புள்ளி ஐந்து கூடுதல், ஆனால் கணக்குப் போட்டால் 1.5தான் வரும். கடினமான தாளின் எழுபது, இலகுவான தாளின் எழுபத்தைந்தைவிட மேலே போய்விட்டது. வேறு வேறு தாள்களின் புள்ளிகளை ஒரே மட்டத்தில் நிறுத்தி ஒப்பிடும் வேலை இது. கண்டிப்பான புள்ளிவிபரவியலார் இதை ‘ஸ்டாண்டர்டைஸ்’ என்பார்கள். ‘நோர்மலைஸ்’ என்று எழுதுவோரும் நிறையப் பேர். பெறுபேறு வந்த அன்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு இரண்டு சொல்லும் உதவாது, அது வேறு கதை.

கணினி படிப்போருக்குத் தரவுத்தளத்தில் வரும். எட்கர் கொட் என்ற ஆங்கிலேயர் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கியது. ஒரு ரியூசன் வகுப்புக் கொப்பியை நினையுங்கள். காசு கட்டும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறார்கள். பிள்ளை வாழைச்சேனையிலிருந்து ஏறாவூருக்கு வீடு மாறினால் பன்னிரண்டு இடத்தில் திருத்த வேண்டும். பதினொன்றைத் திருத்திவிட்டு ஒன்றை விட்டால், எந்த விலாசம் சரி என்று யாருக்கும் தெரியாது. விலாசத்தை ஒரே இடத்தில் ஒரே தடவை எழுதி, மற்ற இடங்களில் பிள்ளையின் இலக்கத்தை மட்டும் போடுவதுதான் அந்த ‘நோர்மலைசேஷன்’.

மற்றவற்றை ஓடிப்போய்ப் பார்க்கலாம். பட்டறைத் தொழில் படிப்போருக்கு, உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் திறந்த காற்றில் ஆறவிடுவது ‘நோர்மலைசிங்’. உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் அதற்குப் பெயர் வேறு. கலியாண வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கு, சத்தத்தை ஒரு குறித்த அளவுக்கு உயர்த்தியோ இறக்கியோ வைப்பது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: சொல்லின் மறுபக்கம்

அகராதியில் பிந்தி வரும் இந்தப் பொருள்தான் இன்று ஆங்கிலச் செய்தியிலும் கட்டுரையிலும் அடிக்கடி வருகிறது. புதியவர்கள் தலைகீழாக விளங்கிக்கொள்வதும் இதைத்தான்.

ஒரு பொருளை மட்டத்துக்குக் கொண்டுவரலாம். மட்டத்தையே கொண்டுபோய்ப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ‘இதுதான் சரி’ என்றும் சொல்லலாம். சுவர் சரிந்தபடியே நிற்கும், மூலைமட்டம் வளைந்துவிடும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘நோர்மலைஸ்’தான். ‘நோர்மலைஸ் வயலன்ஸ்’ என்று படித்தால், வன்முறையை அடக்கி வழமை நிலையைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். வன்முறை சாதாரண விசயம் என்று எல்லோரும் ஏற்கும்படி செய்துவிட்டார்கள் என்று பொருள். மொழிபெயர்ப்பில் இது முழுச் செய்தியையும் கவிழ்த்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வினைக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். உறவு, விலை, நிலைமை, இரத்த அழுத்தம் போன்ற நல்லதும் கெட்டதும் அல்லாத சொல் என்றால் முதல் பொருள். ஊழல், அடி, வெறுப்பு, இலஞ்சம் போன்றது என்றால் இரண்டாம் பொருள். நூற்றுக்கு நூறு பிழைக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பிழைத்தாலும் அரிது.

அமெரிக்க சமூகவியலாளர் டயான் வோன், 1986 ஜனவரி 28 அன்று சலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவிய 73ஆவது செக்கனில் வெடித்துச் சிதறியதை ஆராய்ந்தார். ஏழு பேர் இறந்தார்கள். ரொக்கெட்டின் பாகங்களை இணைத்த இடத்தில் இருந்த ரப்பர் வளையம் அரிபடுவது முந்திய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், அந்த அரிப்பு ‘இருக்கக்கூடியதுதான்’ என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. விதி விலகுவதே விதியாகிப்போன இந்த நிலைக்கு அவர் கொடுத்த பெயர் ‘நோர்மலைசேஷன் ஒஃப் டீவியன்ஸ்’.

எங்களுக்கு ரொக்கெட் தேவையில்லை. வாவியைக் கடக்கும் பாதையை நினையுங்கள். வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை, மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் போனவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு பாதையில் திருவிழாவன்று பத்துப் பேர் கூட ஏறுகிறார்கள் என்று வையுங்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமை பதினைந்து. ஒன்றும் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் பழைய அளவுக்கு ஏற்றினால் ‘என்ன மனே, ஆள் குறைவா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த நாளில் வினைச்சொல் தன் வேலையை முடித்துவிட்டது.

அரசியலில் இரண்டு பொருளும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். 1968 ஓகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்து அங்கே தொடங்கியிருந்த சீர்திருத்தங்களை நிறுத்தின. அதற்குப் பின் வந்த இறுக்கமான ஆண்டுகளுக்கு ஆட்சியாளர்கள் வைத்த பெயரே ‘நோர்மலைசேஷன்’, அவர்கள் மொழியில். ‘வழமையாக்கல்’ என்று அரசு சொன்னது. அடக்குமுறைக்கு ஊமையாகப் பழகியதன் பெயராகவே அது வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆகவே அரச அறிக்கையிலோ படைத்தரப்பு அறிக்கையிலோ இந்தச் சொல்லைக் கண்டால் மொழிபெயர்க்க அவசரப்பட வேண்டாம். யார் சொல்கிறார், எந்த மட்டத்தை வைத்துச் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். தமிழில் முதல் பொருளுக்கு ‘வழமைக்குக் கொண்டுவருதல்’ போடலாம். இரண்டாவதற்கு ஒரே சொல் தேடி அலைய வேண்டாம். ‘சாதாரணமாக்கிவிட்டார்கள்’, ‘சகஜமாகிப் போச்சு’, ‘பழக்கப்படுத்திவிட்டார்கள்’, இடத்துக்கு ஏற்றபடி எழுதலாம்.

சில்லறைக் கணக்குகள்

எழுத்துக்கூட்டல்: வாலில் ‘எஸ்’ போடலாம், ‘இசட்’டும் போடலாம். எங்கள் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழி என்பதால் ‘எஸ்’ பழகியிருக்கும், அமெரிக்காவில் ‘இசட்’தான், ஒக்ஸ்போர்ட் அகராதிகளும் ‘இசட்’டையே முதலில் தருகின்றன. எதைப் போட்டாலும் ஒரே அறிக்கைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

பெயர்ச்சொல்லில் ‘நோர்மாலிட்டி’யா, ‘நோர்மல்சி’யா? 1920 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாரன் ஹார்டிங் ‘நோர்மல்சிக்குத் திரும்புவோம்’ என்று பிரசாரம் செய்தார். அப்படி ஒரு சொல்லே இல்லை என்று படித்தவர்கள் சிரித்தார்கள். சொல் அதற்கு முன்பே இருந்தது. தேர்தலையும் அவர் வென்றார். பிரித்தானியர் ‘நோர்மாலிட்டி’யை விரும்புவார்கள். தெற்காசியப் பத்திரிகைகளுக்கு ‘நோர்மல்சி’ மீது தனிப் பிரியம். இரண்டும் சரி.

காலம்: ‘திரும்பியுள்ளது’ என்றால் ‘ஹாஸ்’ வரும். ‘நேற்று மாலை திரும்பியது’ என்று நேரம் சொல்லிவிட்டால் ‘ஹாஸ்’ போகும், ‘வாஸ்’ வரும்: ‘பவர் வாஸ் ரெஸ்டோர்ட் யெஸ்டர்டே ஈவினிங்.’ ‘திரும்பி வருகிறது’ என்றால் ‘இஸ் ரிட்டேர்னிங் டு நோர்மல்’. அறிக்கை எழுதுவோர் ‘ஓரளவு’ என்பதை மறக்கக் கூடாது. செங்கலடிக்கு வந்து கிரானுக்கு இன்னும் வராத மின்சாரத்துக்கு ‘பார்ஷலி ரெஸ்டோர்ட்’ என்று எழுதி, எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். இருட்டில் இருக்கும் கிரான்காரருக்கு உங்கள் ‘ரெஸ்டோர்ட்’ எரிச்சலைத்தான் தரும்.

பயிற்சி

வகுப்பில் நான் கொடுக்கும் ஐந்து வாக்கியங்களை இங்கேயும் தருகிறேன். விடையைப் பார்க்கும் முன் ஒரு துண்டில் எழுதிப் பாருங்கள்.

‘களுவாஞ்சிகுடியில் இராத்திரி 9 மணிக்குக் கரண்ட் வந்திட்டு.’ நேரம் இருக்கிறது, செய்தவர் ஒளிந்திருக்கிறார்: ‘பவர் வாஸ் ரெஸ்டோர்ட் இன் களுவாஞ்சிகுடி அட் நைன் லாஸ்ட் நைட்.’

‘அம்மாவுக்குச் சீனி நோர்மலுக்கு வந்திட்டு.’ அம்மாவை விட்டுவிட்டுச் சீனியைப் பிடியுங்கள்: ‘மை மதர்ஸ் பிளட் சுகர் ஹாஸ் ரிட்டேர்ன்ட் டு நோர்மல்.’

‘திங்கள் தொடக்கம் பாடசாலை நடக்கும்.’ ‘ஸ்கூல்ஸ் வில் ரிசியூம் ஒன் மண்டே.’ ‘ரீஓப்பின்’ என்றாலும் முழுப் புள்ளி.

‘சந்தையில் மரக்கறி விலை பழையபடி வந்திட்டு.’ ‘நோர்மலைஸ்’ போடத் தோதான இடம் இது: ‘வெஜிடபிள் பிரைசஸ் ஹாவ் நோர்மலைஸ்ட்.’ யாரும் தனியாகத் திருப்பவில்லை, வரத்துக் கூடியது, விலை தானாக மட்டத்துக்கு வந்தது.

ஐந்தாவது: ‘சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி நடக்கிறது எங்களுக்குப் பழகிப்போச்சு.’ போர்க்காலத்தில் இந்தப் பக்கம் பயணம் செய்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மறுபக்கத்துப் பொருளைப் பழக்கத்தான் இதை வைத்திருந்தேன். ‘த செக்பொயின்ட்ஸ் வேர் நோர்மலைஸ்ட்’ என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பலரும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு மாணவி, 2009க்குப் பிறகு பிறந்தவள், சாவடியில் இறங்கி நடந்ததே இல்லை. வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா “பழகவும் இல்லை ஒண்டும் இல்லை, இறங்கச் சொன்னாங்கள், இறங்கினம்” என்றாராம். அவள் எழுதி வந்தது: ‘தே டோல்ட் அஸ் டு கெட் டவுன், அன்ட் வீ காட் டவுன்.’

‘நோர்மலைஸ்’ அதில் வரவே இல்லை. சரி போட்டேன்.